மைக் இல்லாத அறை

போன வெள்ளிக்கிழமை இரவு நியூயார்க்கில், குரோவ் தெருவில் இருக்கும் மேரிஸ் கிரைசிஸ் பியானோ பாருக்குப் போயிருந்தேன். தெருவிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். தாழ்ந்த கூரை, ஒரு பியானோ, அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். அமெரிக்க விடுதலைப் போருக்கு ஆதரவாக எழுதிய தாமஸ் பெயின் 1809-இல் இறந்த வீடு இந்த இடத்தில்தான் இருந்தது. அவர் எழுதிய 'கிரைசிஸ்' பிரசுரங்களின் பெயர் கடைப் பெயரில் இன்னும் இருக்கிறது.

மைக் கிடையாது, மேடை கிடையாது. ஒருவர் பிராட்வே இசை நாடகப் பாட்டுகளை வாசிக்க வாசிக்க, சுற்றி நிற்கும் எல்லோரும் பாடுகிறார்கள். எனக்குப் பாதிப் பாட்டுக்கு வரி தெரியாது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் விடாமல் அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம், அதுவரை கிளாஸ்களைச் சுமந்து திரிந்த பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகப் பாடினார். கூட்டம் கப்சிப். அவர் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. எத்தனையோ பெரிய அரங்குகளில் பாட்டு கேட்டிருக்கிறேன், ஒரு பாடகரின் மூச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பெரிய மேடை கிடைக்காதவர்கள்தான் இப்படிப்பட்ட சின்ன அறையில் பாடுவார்கள் என்று நினைப்பவர்கள் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1940 முதல் 1967 வரை, இந்த நகரத்தில் மது பரிமாறும் கிளப்களில் பாடவோ வாசிக்கவோ போலீஸ் கொடுக்கும் 'கேபரே அட்டை' வேண்டும். 1947-இல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போன ஹாலிடேவின் அட்டை பறிபோனது. 1948-இல் நியூயார்க்கின் பெரிய இசை அரங்கான கார்னகி ஹாலில் அரங்கு நிறைந்த கூட்டத்துக்குப் பாடினார். அங்கே அட்டை தேவையில்லை. ஆனால் நாலு மேசை போட்ட ஒரு கிளப்பில் பாட அவருக்கு அனுமதி இல்லை! 1959-இல் இறக்கும் வரை அந்த அட்டை திரும்பி வரவே இல்லை. பியானோ மேதை தெலோனியஸ் மாங்க்கும் 1951-இல் அட்டையை இழந்தார், 1957-இல்தான் திரும்பப் பெற்றார். தண்டனை முடிந்தவரின் பிழைப்பிலும் கைவைத்த அந்த முறையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஹாலிடேயின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய குரல். அவர் ஏங்கியதும் அந்தச் சின்ன அறைகளுக்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க் போகிறவர்கள் ஒரு இரவை இதற்கென்று ஒதுக்குங்கள். பியானோவை ஒட்டி நில்லுங்கள். யாராவது தனியாகப் பாடும்போது தயவுசெய்து பேச்சை நிறுத்துங்கள், போனை உள்ளே வையுங்கள். கையில் கொஞ்சம் டாலர் நோட்டு இருக்கட்டும். வாசிப்பவருக்கான டிப்ஸ் ஜாடி பியானோ மேலேயே இருக்கும்.