93 விழுக்காடு உடல்மொழியா?

பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55; சொல்லல்லாதவை மட்டும் 93. ஆகவே மொழி வகுப்பில் சைகையே முக்கியம் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளின் எண்கள் இவை. தனிச்சொல்லைச் சொல்பவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்றுதான் அவர் பார்த்தார். பாடம் நடத்துவதை அல்ல. எல்லாப் பேச்சுக்கும் இந்த எண்கள் பொருந்தினால், சொல் புரியாமலே மாண்டரின் (சீன மொழி) நாடகம் நமக்கெல்லாம் தண்ணீர்பட்ட பாடாகியிருக்குமே!

சரி, சைகை வீணா? இல்லவே இல்லை. ஒரு உள்ளங்கையை மேல்வாயாகக் கவிழ்த்து, மறுகை விரலை நாக்குபோல் பின்னே வளைத்து, ஒட்டாமல் நிறுத்திக் காட்டினால் ழகரம் சட்டென்று பிடிபடும். ஆனால் கிளி, கிழி என்று வாய்விட்டுச் சொல்லாமல் விரலை மட்டும் வளைத்தால் பிள்ளை சிரிக்கத்தான் செய்யும்.