முதல் பகுதி தள்ளிப்போகவில்லை
அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதால், பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வின் முதல் பகுதி ஒரு வாரம் தள்ளிப்போனது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. கொலை நடந்தது 1963 நவம்பர் 22. மறுநாள் சனிக்கிழமை மாலையே பிபிசி முதல் பகுதியை ஒளிபரப்பிவிட்டது. தாமதம் இரண்டு நிமிடம்கூட இல்லை. நவம்பர் 30இல், இரண்டாம் பகுதிக்குச் சற்று முன்னால் வந்தது மறுஒளிபரப்பு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், டாலெக்குகள் (தொடரில் வரும் இயந்திர உறைக்குள் இருக்கும் வேற்றுக்கிரக வில்லன்கள்) முதல் பகுதியிலேயே வந்தன என்று நீங்கள் எழுதியதும் தவறு. டிசம்பர் 21 அன்று, சுவரோடு ஒட்டி அலறும் பார்பராவை (டாக்டருடன் பயணிக்கும் பெண்) நோக்கி நீளும் ஒரு டாலெக்கின் கை மட்டுமே தெரிந்தது. முழு உருவத்தைக் காட்டியது 28ஆம் தேதி.

முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன், 24 வயதில். பதிவில் அவர் பெயரே இல்லை, தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.