அந்த பார் சார்ட்டுக்குக் கைதட்டியவர்களுக்கு

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எந்தப் பதிவு என்று சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் ஷேர் செய்திருக்கிறீர்கள். "கைபரை நானே எழுதினேன், ஒரிஜினலைவிட இரண்டு மடங்கு வேகம்." கைபர் என்றால் குவாண்டம் கணினிக்கும் தாங்கும்படி, ரகசியச் சாவியைப் பரிமாறிக்கொள்ளக் கட்டிய குறியாக்க முறை. கீழே பச்சையும் சிவப்புமாக ஒரு பார் சார்ட். நேற்று இரவு ஒரு தம்பி அதே லிங்க்கை எனக்கே அனுப்பி, "அண்ணா, இதையே நம்ம ப்ராஜெக்ட்ல போட்டுக்கலாமே" என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை.

அவர் எழுதிய சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன். இரண்டு மடங்கு வேகம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைபரில், அதாவது 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் எம்எல்-கெம் என்று பெயர் வைத்துத் தரமாக்கியதில், வந்த சைபர்டெக்ஸ்டை, அதாவது பூட்டிய செய்தியை, பிரித்ததோடு வேலை முடியாது. பிரித்ததை மறுபடி என்கிரிப்ட் செய்து, வந்ததும் இதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். வேண்டுமென்றே கோணலாகச் செய்த சைபர்டெக்ஸ்டுகளை அனுப்பி, எது சரியாகப் பிரிகிறது, எது பிரியவில்லை என்று பார்த்துப் பார்த்தே ரகசியச் சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடலாம். அதைத் தடுக்கத்தான் அந்தச் சோதனை. நம் ஆள் அதை அப்படியே தூக்கிவிட்டு, மேலே "தேவையற்ற கணக்கு" என்று கமெண்ட் வேறு எழுதியிருக்கிறார்.

வேலையைச் செய்யாமல் விட்டால் வேகமாகத்தான் இருக்கும் ஐயா. வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கேட்டில் யாரும் காத்திருக்க வேண்டாம்.

"டிஎல்எஸ்-ல சாவி ஒரு தடவைதான் பயன்படும், அங்க இந்தச் சோதனை இல்லாட்டி என்ன?" என்று ஒருவர் கேட்பார், தெரியும். டிஎல்எஸ் என்றால் https தளங்களைப் பாதுகாக்கும் முறை. அந்த நிபந்தனையை அவர் எங்காவது எழுதியிருக்கிறாரா? "எங்கும் பயன்படுத்தலாம்" என்றல்லவா போட்டிருக்கிறார். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அடுத்தது அந்த வகுத்தல். கைபரின் கணக்கெல்லாம் 3329-ஆல் வகுத்த மீதியில்தான் நடக்கும். ரகசியத்தைத் தொடும் எண்ணை நேராக அந்த 3329-ஆல் வகுக்கிறார். "ஒரிஜினல்லயே அப்படித்தானே இருந்துச்சு?" இருந்தது, 2023 கடைசி வரை. கைபர்ஸ்லாஷ் என்று பெயர் வைத்து அந்த ஓட்டையை வெளியே சொன்ன பிறகு மாற்றினார்கள். இவர் பழைய பிரதியை எடுத்திருக்கிறார். "3329 மாறாத எண், கம்பைலரே வகுத்தலைப் பெருக்கலா மாத்திடுமே?" கம்பைலர், அதாவது கோடைச் சிப்புக்கான கட்டளையாக்கும் மென்பொருள், மாற்றும், மனசு இருந்தால். புரோகிராமின் அளவைக் குறை என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால், பல இடங்களில் நேராக வகுத்தல் கட்டளையையே போட்டுவிடும். கார்டெக்ஸ் எம்4 என்ற சின்ன சிப்பில் அதற்கு 2 சைக்கிளும் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) ஆகலாம், 12-ம் ஆகலாம். எது என்பது உள்ளே போகும் எண்ணைப் பொறுத்தது. உள்ளே போவதோ ரகசியம். அந்த நேர வித்தியாசத்தை அளந்தே சில மணி நேரத்தில் முழுச் சாவியையும் எடுத்துக் காட்டினார்கள்.

நேரத்தை அளந்து என்ன தெரிந்துவிடும் என்பவர்கள் எங்கள் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். பரீட்சைத் தாள் கொடுத்த நாளில் அம்மா அடுப்படியிலிருந்தே "மார்க் என்ன?" என்பார். நல்ல மார்க் என்றால் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும். குறைந்திருந்தால் இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியே அம்மாவுக்குப் போதும், பதில் வருவதற்குள் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிடுவார். என் தங்கை கெட்டி. எதைக் கேட்டாலும், சாப்பிட்டாயா என்று கேட்டாலும், ஒரே நீளத்தில் "ம்ம்ம்..." என்று இழுத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அவளிடம் அம்மாவால் கடைசி வரை எதையும் பிடிக்க முடியவில்லை. கான்ஸ்டன்ட் டைம் என்று நாங்கள் கழுதையாய்க் கத்துவது இதைத்தான்.

"சிப் கையில இருந்தாத்தானே அளக்க முடியும்?" 2003-லேயே புரூம்லி, போனே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நெட்வொர்க் வழியாக நேரத்தை அளந்து, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளிலிருந்து ஆர்எஸ்ஏ என்ற பழைய முறையின் சாவியை எடுத்தார்கள். அப்போது அந்தப் பையன் பள்ளிக்கே போயிருக்க மாட்டான்.

எனக்கு வேகம் பிடிக்காது என்று யாரோ எழுதியிருந்தீர்கள். பழைய ஆளாம், பயமுறுத்துகிறேனாம். என் நோட்டில் பக்கம் பக்கமாக பட்டர்ஃபிளை படங்கள், அதாவது இரண்டு எண்ணை வாங்கி இரண்டு எண்ணைத் தரும் சின்னக் கணக்கின் படங்கள், இருக்கின்றன, காட்டட்டுமா? 256 உறுப்புள்ள இரண்டு பல்லுறுப்புக் கோவைகளைப் பள்ளிக்கூட முறையில் பெருக்கினால் 65,536 பெருக்கல். என்டிடி என்ற வேகமான உருமாற்றம் போட்டால், ஒரு உருமாற்றத்துக்கு ஏழு அடுக்கு, அடுக்குக்கு 128, மொத்தம் 896 பட்டர்ஃபிளை. ஏன் எட்டு அடுக்கு இல்லை என்றால், 3329-இல் ஒன்று குறைத்த 3328 என்பது 256 பெருக்கல் 13. எட்டாவது அடுக்குக்குத் தேவையான 512 அதில் மீதியில்லாமல் அடங்காது. இது தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகு. வகுக்காமலே மீதி காணும் மான்ட்கோமரி குறைப்பில் ஒரு மைனஸ் குறியைத் தவறவிட்டு இரண்டு இரவு தேடியவன் நான். அப்புறம் அளந்து பார்த்தால், சின்ன சிப்பில் பாதிக்கு மேல் நேரம் கைபருக்குள் ஓடும் கெச்சாக் என்ற ஹாஷ் கணக்குக்கே போகிறது. இந்தப் பதிவில் கெச்சாக் பற்றி ஒரு வரி உண்டா?

"வளர்ற பையன், ஊக்குவிங்க." ஊக்குவிக்கிறேன். "இதைக் கத்துக்கிட்டு இருக்கேன்" என்று அவர் போட்டிருந்தால் முதல் லைக் என்னுடையது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வலிப்பது வேறு. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரே ஒரு ஃபங்ஷனை நேரம் கசியாமல் திருத்தி எழுத மூன்று வாரம் எடுத்தேன். கம்பைலர் ஒவ்வொரு முறையும், இஃப் இல்லாமல் இருக்க நான் போட்ட பிட் மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரத்தனமாக அதை மறுபடி ஒரு இஃப் ஆக்கி, ரகசியத்தைப் பொறுத்து நேரம் மாறும்படி செய்துவிடும். கடைசியில் கம்பைலர் தந்த அசெம்ப்ளிக் கட்டளைகளை வரி வரியாகப் படித்து முடித்தேன். ரிவ்யூவில் மேனேஜர் கேட்ட ஒரே கேள்வி, "மூணு வாரம் உக்காந்து மெதுவாக்கியிருக்கீங்களா?" சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? கசியாமல் இருப்பதற்கு எந்த பார் சார்ட்டில் எந்த நிறம்?

நேற்று இரவே அவர் பதிவின் கீழ் மரியாதையாக எழுதினேன்: வகுக்காதீர்கள், அதற்குப் பதில் 80635-ஆல் பெருக்கி 28 பிட் வலப்பக்கம் தள்ளுங்கள், அந்தச் சோதனையைத் திரும்பப் போடுங்கள் என்று. "நன்றி ப்ரோ" என்று ஒரு பதில், கூடவே சிரிப்பு ஸ்மைலி. இன்று காலை அவர் கோடு இருக்கும் கிட்ஹப் தளத்தில் போய்ப் பார்த்தேன். வகுத்தல் அங்கேயே இருக்கிறது. ஸ்டார்தான் ஏறிக்கொண்டே போகிறது.