ஸ்பொக் உளவாளி அல்லர்

திருகோணமலை நண்பர்கள் பலரும் பகிர்ந்துவரும் ஒரு பதிவில், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் 'பேலன்ஸ் ஒஃப் டெரர்' அத்தியாயத்தில், விண்கப்பல் அதிகாரியான ஸ்பொக் எதிரிகளான ரோமுலன்களின் உளவாளி என்பது அம்பலமாவதாகக் கூறப்பட்டுள்ளது. அன்புடன் திருத்த விரும்புகிறேன்: அத்தியாயத்தில் அவ்வாறு எதுவும் நிகழ்வதில்லை. 1966 டிசெம்பர் 15 அன்று முதன்முதலில் ஒளிபரப்பான அக்கதையில், ரோமுலன் தளபதியின் முகம் ஸ்பொக்கின் வேற்றுக்கிரக இனமான வல்கன்களை ஒத்திருப்பதைத் திரையில் கண்டதும், முந்தைய போரில் தம் முன்னோரை இழந்த ஸ்டைல்ஸ் என்ற அதிகாரி ஸ்பொக்கைச் சந்தேகிக்கிறார். கப்டன் கிர்க்கோ, அத்தகைய வெறுப்புக்குக் கட்டளைத்தளத்தில் இடமில்லை என்று அவரைக் கண்டிக்கிறார். சந்தேகத்துக்கு ஆதாரம் எதுவும் கடைசிவரை காட்டப்படுவதில்லை. மாறாக, நச்சு வாயு கசியும் ஆயுத அறைக்குள் நுழைந்து, எதிரிக் கப்பலைச் சுட்டு, அதே ஸ்டைல்ஸின் உயிரைக் காப்பாற்றுபவர் ஸ்பொக்தான். முகச்சாயலை மட்டும் வைத்து உடன் பணிபுரிபவர்மீது பழி சுமத்துவதன் கொடுமையே இக்கதையின் உயிர்நாடி என்பதால், அந்தப் பதிவு அதன் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

சரிபார்க்க விரும்புவோர், துண்டுக் காணொளிகளைத் தவிர்த்து, முதற்பருவத்திலுள்ள இந்த அத்தியாயத்தை முழுமையாகப் பாருங்கள். ஸ்பொக் தம்மைக் காப்பாற்றியதை ஸ்டைல்ஸே கிர்க்கிடம் கூறும் காட்சி இறுதிப் பகுதியில் வருகிறது.