தடைக்குப் பிறகு அந்தக் குதிரை எங்கே போகும்?

நகரங்களில் குதிரை வண்டிகளை ஒரேயடியாக நிறுத்த வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்குப் பாதிதான் சம்மதம். 2015-இல் மும்பை உயர் நீதிமன்றம் 'விக்டோரியா' எனப்படும் சவாரிக் குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தபோது ஓராண்டு அவகாசமும் கொடுத்தது, வண்டிக்காரர்களின் மறுவாழ்வுக்குத் திட்டம் வகுக்கவும் சொன்னது. அந்த இரண்டாவது பகுதியைக் கட்டுரை தொடவே இல்லை. வேலை போன குதிரைக்கும் தினமும் தீவனம் வேண்டுமே, அதை யார் போடுவது?

அப்புறம், கோவேறு கழுதையையும் குதிரையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். வெயிலைக் குதிரையைவிடக் கோவேறு கழுதை நன்றாகத் தாங்கும். அதனால்தான் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுற்றுலா வண்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுக்கின்றன. ஆனால் வலியை அது லேசில் வெளியே காட்டாது. குதிரை நொண்ட ஆரம்பிக்கிற நிலையிலும் இது பாட்டுக்கு நடக்கும்; பார்ப்பவர்கள் 'திடமான பிராணி' என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

உண்மை தெரிய வேண்டுமென்றால் சேணத்தைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கழுத்துப்பட்டை உராயும் இடத்தில் முடி உதிர்ந்திருக்கும், அல்லது வெள்ளையாக முளைத்திருக்கும். பழைய புண்ணின் அடையாளம் அது. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடத்தை மாற்றாவிட்டால் நடையே கோணலாகும். தார்ச்சாலையின் சூட்டையும் அதிர்வையும் முதலில் வாங்குவது அந்தக் குளம்புதான்.

உரிமம் கொடுக்கிற அதிகாரிகள் வண்டியின் பெயிண்டையும் நம்பர் பலகையையும் பார்க்கிறார்கள். சரி, காலைத் தூக்கிப் பார்ப்பது யார்?