காசல்ரீ தண்ணீரும் சேர்ச் சுவரும்

இலங்கை மலையகத்தில் உள்ள டிக்கோயா வார்லி சேர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். கற்சுவர், கல்லறைகள், பின்னால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர். நானும் எடுத்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. ஆனால் 1878இல் அதைக் கட்டியபோது அங்கே தண்ணீர் ஏது? கீழே ஆறு ஓடிய பள்ளத்தாக்குதான். அணை வந்தது 1960களில்.

கட்டிய காலமும் லேசுப்பட்டதல்ல. 1869இல் இலைநோய் வந்து, கோப்பி செத்துக்கொண்டிருந்த நேரம். அப்போதும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தங்கள் ஊர்ச் சேர்ச் மாதிரியே வேண்டுமென்று ஆசை. அந்தக் கோதிக் என்ற ஐரோப்பியக் கட்டடப் பாணியின் சரிந்த கூரை நம் ஆடி மழைக்கு நன்றாகவே பொருந்தியது.

சரி, நான் சொல்ல வந்தது சுவரைப் பற்றி. அந்தக் காலத்துக் கற்சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியவை. சுண்ணாம்பு இளகின சாமான். மழையில் குடித்த ஈரத்தை வெயில் வந்ததும் கல் இடுக்கு வழியே வெளியே விட்டுவிடும். சீமெந்து விடாது. அதைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், கல்லின் முகமே செதில் செதிலாக உரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சேர்ச், பெயர் வேண்டாம். நத்தாருக்கு அழகாக்குகிறோம் என்று இடுக்கெல்லாம் சீமெந்து அடைத்து, மேலே பூசி, கிரீம் கலர் பெயிண்ட் அடித்தார்கள். நானும் 500 ரூபாய் கொடுத்தேன், கைதட்டவும் செய்தேன். இரண்டாவது மழைக்கே வாசல் பக்கப் பூச்சு உப்பிவிட்டது. விரலால் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். சுவரோரம் வைத்த பாட்டுப் புத்தகங்களில் பூஞ்சணம். கமிட்டியின் பதில் என்ன தெரியுமா? இன்னொரு கோட் பெயிண்ட், இந்த முறை வோட்டர்புரூஃபாம்!

பழசை அப்படியே போட்டுவிடச் சொல்லவில்லை. ஒழுகினால் திருத்தத்தான் வேண்டும். எதால் கட்டியதோ அதாலேயே திருத்துங்கள் என்கிறேன், அவ்வளவுதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ்மார் குறைந்துவிட்டார்கள், உண்மை. ஆனால் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் பூச்சு விழுந்த இடத்தில் ஒரு பழைய இடுக்கை ஆணியால் கீறினார். வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. பக்கத்துச் சீமெந்தைக் கீறினார், ஆணிதான் வழுக்கியது. “தம்பி, முதலில் இதை உடைத்து எடுக்க வேண்டும். பூசினதைவிடக் கூடச் செலவாகும்” என்றார். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். திட்டு வாங்குவேன்.