தனித்தனியாகத் தேறினால் போதாது

"ஒவ்வொரு ஃபில்டர் டிரைவரும் தன் சோதனையில் தேறினால் போதும்" என்ற கட்டுரையின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்புகளுக்கான கோரிக்கைகளை வழியில் இடைமறித்துப் பார்க்கும் மென்பொருள்தான் ஃபில்டர் டிரைவர். விண்டோஸில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அடுக்கில் யாருக்கு எந்த இடம் என்பதை மைக்ரோசாஃப்ட் ஒதுக்கும் ஆல்டிட்யூட் எண் தீர்மானிக்கிறது (எண் பெரிதானால் இடம் மேலே): வைரஸ் தடுப்புக்கு 320000 முதல் 329999 வரை, குறியாக்கத்துக்கு 140000 முதல் 149999 வரை. வைரஸ் தடுப்பு மேலே இருப்பதால்தான் குறியாக்கம் நீங்கிய தரவு அதன் கைக்கு வருகிறது.

சிக்கல் முளைக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு கோப்பு திறக்கப்படும்போது, அதைப் பரிசோதிக்க ஒரு டிரைவர் தானும் அதே கோப்பைத் திறக்கிறது. இந்த அடுக்கை நிர்வகிக்கும் விண்டோஸ் பகுதியான ஃபில்டர் மேனேஜர் தரும் வழியில் திறந்தால், அந்தக் கோரிக்கையைத் தனக்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும் அனுப்பலாம். விண்டோஸின் பொதுவான கோப்புத் திறப்பு அழைப்பான ZwCreateFile வழியாகத் திறந்தால் அது அடுக்கின் உச்சியிலிருந்து மறுபடி இறங்கும். மேலே உள்ள டிரைவரும் அப்படியே செய்தால், இரண்டும் மாறி மாறி அழைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு அழைப்பும் சற்று இடம் பிடிக்கும் கெர்னல் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி 64 பிட் விண்டோஸில் வெறும் 24 கேபி. அது தீர்ந்தால் நீலத் திரைதான். தனிச் சோதனையில் இந்தக் கோளாறு தலைகாட்டாமலே போய்விடலாம்.

மைக்ரோசாஃப்ட் ப்ளக்ஃபெஸ்ட் நடத்தி, போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களை ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்தது இதற்காகத்தான். அங்கே போக முடியாத சிறு நிறுவனமும், ஒரு வைரஸ் தடுப்பு, ஒரு பேக்கப், ஒரு குறியாக்க டிரைவரோடு சேர்த்து, டிரைவர்களின் பிழைகளைக் கண்டுபிடிக்கும் விண்டோஸ் கருவியான டிரைவர் வெரிஃபையரை முடுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.